ஒம் என்றும் ஓம் என்றும்

பாரிஸ் நகரத்துக்கு வடக்கே, புறநகர் ரயில் பாதையின் ஓரத்தில், மிமோசா என்று ஒரு பூவின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒரு பூச்செடியும் இல்லாமல் நிற்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மின்தூக்கி, அக்டோபர் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, தன்னுள் ஏறி நின்ற மூவரிடமும் ‘நான் யார்?’ என்று கேட்டது. கேட்ட குரலை மூவரும் அறிவார்கள். ஒன்பதாம் மாடியில் தாயோடு குடியிருக்கும் ஃபோடே தியாபிரா என்ற இருபத்திரண்டு வயது இளைஞனின் குரல் அது. பத்து நாள்களுக்கு முன்பு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அதே மின்தூக்கியின் வாசலில், காவலர் நால்வர் அவனைத் தரையில் கிடத்த, அவர்களுள் ஒருவர் தம் முழங்கையை அவன் தொண்டையில் ஊன்றியிருந்தார். மருத்துவமனையிலிருந்து அவன் திரும்பியபோது அவன் குரல் உடன் திரும்பவில்லை. மருத்துவர்கள் தொண்டைக்குள் விளக்கும் கண்ணாடியும் செலுத்திப் பார்த்து, எல்லாம் செம்மையாக உள்ளன, பேசாமைக்குக் காரணம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எழுதியது சரி. குரல் அழியவில்லை, இருந்த இடத்தை விட்டு வேறிடம் போயிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் தாளம் வரும். குதிகாலால் மரப்பலகையை மிதித்தாற்போல் நான்கு தட்டு. அதன் மேல், பாட்டும் ஆகாமல் பேச்சும் ஆகாமல், பிரெஞ்சு மொழியில் சில வரிகள்:

சாவி என் கையில், கதவு என் வீட்டுக்கு,
கதவின் பின்னால் அம்மாவின் சோறு,
காகிதம் கேட்கிறாய், முகத்தைப் பார்க்கிறாய்,
சொல், நான் யார்?

பிறகு நான்கு தட்டு நேரத்துக்கு மௌனம். அந்த மௌனத்துக்குள் ஏறியவர்கள் ‘மனிதன்’ என்று பிரெஞ்சில் சொன்னால் கதவு மூடி மின்தூக்கி மேலே போகும், சொல்லாவிட்டால் போகாது. பிரெஞ்சில் மனிதனுக்குரிய சொல்லின் ஒலியைத் தமிழில் எழுதினால் ஒம் என்று வரும்: ஒகரம் குறில், இதழ்கள் கூடினால் சொல் முடிந்தது.

வரிகள் புதியவை அல்ல. முந்தைய கோடையில், முற்றத்தில் நடந்த குடியிருப்பு விழாவில், ஃபோடே ஓர் ஒலிபெருக்கியின் முன் நின்று அவற்றைச் சொல்லியிருந்தான். அவன் கேட்க, கூடியிருந்தவர்கள் மறுமொழி கூவியிருந்தார்கள். ஒருவர் கேட்பதும் பலர் விடை சொல்வதும் அந்தக் கலையின் வழக்கம். அதற்கு ஹிப் ஹாப் என்று பெயர். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், வீடுகள் எரிந்து கரியாகி நின்ற தெருக்களில், கறுப்பின இளைஞர்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து, இரண்டு இசைத்தட்டுகளை முன்னும் பின்னும் இழுத்து, பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு இடைவெளியை நீட்டி, அந்த இடைவெளிக்குள் நின்று தம் பெயரையும் தம் தெருவின் எண்ணையும் உரக்கச் சொன்னார்கள். அதுவரை அவர்களிடம் பெயர் கேட்டவர்கள் எல்லாரும் சீருடை அணிந்திருந்தார்கள். அந்த வழக்கம் டக்காருக்கும் மார்செய்க்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் சாவோ பாவுலோவுக்கும் கடல் கடந்து போயிற்று. தம் வாசலில் நின்றுகொண்டே தாம் யாரென்று நிரூபிக்கும்படி கேட்கப்பட்டவர்கள் எந்தெந்த ஊரில் இருந்தார்களோ, அந்தந்த ஊரின் வாய்க்கு அது பொருந்தியது. ஃபோடேக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை. தண்ணீர்க் குழாயைப் போல அது கட்டடத்துக்குள் ஏற்கெனவே இருந்தது.

மிமோசாவின் தமிழர்களுக்கு அது வெறும் சத்தம். பறையொலி கேட்டால் வேலிப் படலையைச் சாத்தும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பறை அடிப்பவரை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்திருந்தார்களே தவிர, அவர் பெயரை அறிந்திருந்ததில்லை. ஆப்பிரிக்கர்களை அவர்கள் தங்களுக்குள் கறுவல் என்றார்கள், தம் தோலின் நிறத்தைப் பற்றி வேறெவரோ கவலைப்பட்டுக்கொள்வார்கள் என்பதுபோல.

ஆகவே, ஏழாம் மாடியில் வசித்த பேரின்பநாதர், ஒரு காலத்தில் சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்தவர், அந்தச் செவ்வாய்க்கிழமை மின்தூக்கியில் தனியே நின்றபோது கேள்வி காதில் விழுந்ததும், பெட்டிக்குத் தமிழ் தெரியாது என்ற நம்பிக்கையில், “கறுவல்” என்றார். மின்தூக்கி அசையவில்லை. கேள்வி மறுபடி வந்தது. “காப்பிலி” என்றார். அசையவில்லை. முப்பத்தைந்து நிமிடங்கள் கதவு திறக்கவுமில்லை. அதற்குள் அவர் ‘பெடியன்’ என்றும், ‘அந்தப் பிள்ளை’ என்றும், கடைசியில் ‘தம்பி’ என்றும்கூட இறங்கி வந்து, பயனில்லாமல், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னார். வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்பட்டவரிடம் அவர் சொன்னது ஒன்றுதான்.

“கவனம். லிப்டுக்குத் தமிழ் விளங்குது.”

முதலில் எதிர்ப்பட்டவர் பதினோராம் மாடிக் குணரத்தினம். உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவர், எதையும் பெரிதுபடுத்தாதவர்.

“அதுக்கென்ன, அண்ணை? கேக்கிறதைச் சொல்லிப்போட்டுப் போறதுதானே.”

“நீர் சொல்லுவீர். நாளுக்கு நாலு தரம் அவனை மனிசன், மனிசன் எண்டு பெட்டிக்குள்ள நிண்டு சொல்ல வேண்டிக் கிடக்கு.”

“நாலு தரம்தானே. படியால ஏறினா ஏழு மாடிக்கு நூற்றிப் பத்தொன்பது படி. எண்ணிப் பாத்தனான்.”

பேரின்பநாதர் படிகளை நினைத்துப் பார்த்தார். மறுநாளிலிருந்து நான்கு தரம் சொன்னார்.

குடியிருப்பு அலுவலகம் ஒரு பழுதுபார்ப்பவரை அனுப்பியது. அவர் கம்பிகளையும் சக்கரங்களையும் அரை நாள் சோதித்தார். இடையில் நான்கு முறை கேள்வி கேட்கப்பட்டு நான்கு முறையும் விடை சொன்னார். பிறகு, எடை வரம்பு பற்றிய அறிவிப்புக்கும் புகைபிடித்தல் பற்றிய அறிவிப்புக்கும் நடுவே ஒரு புதிய தகட்டை நான்கு திருகாணிகளால் பொருத்தினார்: ‘இயந்திரம் ஒழுங்காக இயங்குகிறது. பயணிப்போர் மறுமொழி கூறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ வாசற்காப்பாளரான போர்த்துக்கேயப் பெண்மணி மதாம் பெரெய்ரா, விருந்தினர்களுக்கு வாசலிலேயே அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலிலிருந்து வரவழைக்கப்பட்ட ஐயர் எலுமிச்சையும் கற்பூரமுமாக ஏறி, கேட்கப்பட்டு, விடை சொல்லி, மேலே போய் வடையும் தேநீரும் அருந்தி, இறங்கும்போது மறுபடி விடை சொல்லிவிட்டு, “கெட்டது ஒண்டுமில்லை, மரியாதையாத்தான் கேக்குது” என்று கருத்துரைத்தார். பள்ளிவாசலிலிருந்து வந்த இமாம், ஆவிகள் விடை சொல்லுமே தவிர வினா கேட்பதில்லை, ஆகவே இது ஆவி அன்று என்று தீர்ப்பளித்தார். மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை பேசத் தொடங்கியபோது அதன் முதற்சொல் ‘அம்மா’வாக இருக்கவில்லை, தாய் இரண்டு நாள் மனம் வருந்திவிட்டுப் பிறகு மறந்தாள். நவம்பரில் வேறொரு காரியமாக வந்த காவலர் இருவர் மின்தூக்கிக்குள் ஏறி, கேள்வியைக் கேட்டு, ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, இறங்கிப் படிகளில் ஏறினார்கள்.

அந்தக் கட்டடத்தில் எப்போதும் படிகளில் ஏறியவர்கள் இருவர். ஒருவன் ஃபோடே. தன் குரல் தன்னிடமே கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல அவனுக்குக் குரல் இல்லை. இன்னொருத்தி குணரத்தினத்தின் மனைவி பவளராணி.

பவளராணிக்கு நாற்பத்தாறு வயது. விடியலில் எழுந்து அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் தொழில். முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. முதல் நாளே அவள் மின்தூக்கியில் ஏறி, கேள்வியைக் கேட்டு, விடையைச் சொன்னாள். பெட்டி அசையவில்லை. மறுபடி சொன்னாள். மற்றத் தமிழர்கள் அந்தச் சொல்லைத் தம் நாவுக்கு வந்தபடி நீட்டியும் இழுத்தும் சொன்னார்கள், மின்தூக்கி அதைப் பொருட்படுத்தவில்லை; அவள் ஒருத்தியே அதைப் பிரெஞ்சுக்காரர் சொல்லும் விதமாகக் குறுக்கி, குறிலைக் குறிலாகவே சொன்னாள், அவளுக்கு மட்டும் அது அசையவில்லை. வேறெவரோடும் ஏறினாலும் நிலைமை அதுவே: ஐந்து பேர் விடை சொல்வார்கள், பெட்டி நிற்கும், அவள் இறங்குவாள், பெட்டி போகும். மூன்றாம் நாளுக்குப் பிறகு அவள் ஏற முயலவில்லை. எவரும் எதுவும் கேட்கவில்லை, எல்லாரும் கவனித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, பத்துக் கிலோ அரிசிப் பையோடு அவள் நான்காம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கியபோது, கீழிருந்து ஏறி வந்த ஃபோடே அவள் கையிலிருந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். முன்பும் மின்தூக்கி பழுதான நாள்களில் அவன் அப்படிச் செய்ததுண்டு. அப்போதெல்லாம் வழி முழுவதும் வாயால் தாளம் போட்டுக்கொண்டு ஏறுவான், அவள் “காது போகுது, தம்பி” என்று தமிழில் கடிந்துகொண்டு பின்னால் வருவாள். இம்முறை அவர்கள் பதினொன்று வரை பேசாமல் ஏறினார்கள். கதவருகே பையை வைத்துவிட்டு அவன் இரண்டு மாடி இறங்கிப் போனான். பவளராணி அரிசியை உள்ளே எடுத்து வைக்காமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றாள்.

அவளை மின்தூக்கி ஏன் ஏற்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஃபோடே குரல் இழந்த அந்த நாளின் பிற்பகலில் அவள் சந்தையிலிருந்து முருங்கைக்காயோடு வந்தாள். ஃபோடே முன்னே போனவன், அவள் வருவதைக் கண்டு, மூடப் போன மின்தூக்கிக் கதவை வலக்கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்; இடக்கையில் வீட்டுச் சாவி. அவள் உள்ளே போனாள். அதே நேரம், ரயில் நிலையத்தில் எதையோ திருடிவிட்டு ஓடிய எவனையோ தேடிக்கொண்டு நான்கு காவலர் வந்தார்கள். காகிதம் கேட்டார்கள். வீட்டில் இருக்கிறது, ஒன்பதாம் மாடி, இதோ சாவி என்று அவன் சொன்னான். பிறகு அவன் தரையில் கிடந்தான். காவலருள் ஒருவர் மின்தூக்கிக்குள் நின்ற பவளராணியைப் பார்த்து, இவனைத் தெரியுமா, இங்கே குடியிருப்பவனா என்று கேட்டார். சிந்திப்பதற்குள் அவள் வாய், பதினான்கு ஆண்டுப் பிரெஞ்சையும் விட்டுவிட்டு, தன் ஊரான நெல்லியடியில் எல்லாவற்றுக்கும் சம்மதமாகச் சொல்லும் சொல்லைச் சொன்னது.

“ஓம்.”

காவலருக்கு அது மனிதன் என்று கேட்டது. “மனிதன் என்பது எனக்கும் தெரிகிறது. எந்த மனிதன்?” என்று அவர் சிரித்தார், கேள்வியை மறுபடி கேட்டார்.

இரண்டாவது முறை அவள் வாய் திறக்கவில்லை. அவளுடைய பதினைந்தாம் வயதில், இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த ஒரு காலையில், முற்றத்தில் பிடிபட்டு நின்ற அவள் அண்ணனைக் காட்டி, “இவன் ஆர்? உன்ரை மகனோ?” என்று சிப்பாய் கேட்டபோது, அவள் தாய் பெற்ற மகனின் முகத்தைப் பார்த்து, “தெரியாது. கிணறு இறைக்க வந்த பெடியன்” என்றாள். அவனை விட்டுவிட்டார்கள். ‘ஓம், என்ரை மகன்’ என்று சொன்ன தாய்மாரின் பிள்ளைகள் லாரியில் ஏற்றப்பட்டார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் இருந்து ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி தலையை ஆட்டியதும் மற்றவர்கள் ஏற்றப்பட்டார்கள். தெரியும் என்ற சொல் ஆளைக் கொண்டுபோகும், தெரியாது என்ற சொல் ஆளைத் திருப்பித் தரும்: அந்த மண்ணில் அது பாடம். அண்ணன் இன்றும் சூரிச் நகரில் உயிரோடு இருக்கிறான். பாடம் கற்ற இடத்தில் சரியாக இருந்தது. மிமோசாவின் கீழ்த்தளத்தில் அது தவறாகிப்போனது. பவளராணி முருங்கைக்காய்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிடித்திருந்த கை இல்லாமற்போன கதவு மூடியது. மின்தூக்கி அவளை மேலே கொண்டுபோயிற்று.

ஃபோடே மீது வழக்குத் தொடரப்பட்டது. காவலரைத் தாக்க அவன் வலக்கையை ஓங்கினான் என்றது காவலர் அறிக்கை. அங்கே குடியிருக்கும் ஒரு பெண்மணியிடம் விசாரித்தபோது அவர் ‘ஒரு மனிதன்’ என்று மட்டுமே கூறினார், அவனை அடையாளம் காணவில்லை. ஆகவே அவன் அந்நியன் என்று கொண்டதும் பலம் பிரயோகித்ததும் நியாயமே என்று அறிக்கை சொன்னது. மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். வழக்கு மார்ச் மாதத்துக்குக் குறிக்கப்பட்டது. நடந்ததைக் கண்டவர் எவராவது முன்வர வேண்டும் என்று அவனுடைய வழக்கறிஞர் எழுதிய வேண்டுகோளை மதாம் பெரெய்ரா தபால் பெட்டிகளுக்கு மேலே ஒட்டினார். பவளராணி அதைத் தினமும் இருமுறை கடந்து போனாள்.

ஜனவரியில், பொங்கலுக்கு மறுநாள், ஃபோடேயின் தாய் கும்பா தியாபிரா பதினோராம் மாடிக்கு வந்தார். முந்தைய ஆண்டு பவளராணி பொங்கல் போட்டுக் கொடுத்தனுப்பிய டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வரவில்லை. இருவரும் தமக்குச் சொந்தமல்லாத மொழியில், அதன் இலக்கணத்துக்கு அதிகம் சிரமம் கொடுக்காமல், வாசலில் நின்று பேசினார்கள்.

“மதாம், உன் டப்பா.”

“இந்த வருடமும் அனுப்ப இருந்தேன்.”

“அனுப்பவில்லை.”

“இல்லை.”

“என் மகன் படியில் ஏறுகிறான். நீயும் படியில் ஏறுகிறாய். அவனுக்குக் குரல் இல்லை.” கும்பா டப்பாவை நீட்டினார். “உனக்கு என்ன இல்லை?”

விடைக்காக அவர் காத்திருக்கவில்லை. மின்தூக்கி வந்ததும் உள்ளே ஏறி, தன் மகனின் குரல் கேட்ட கேள்விக்கு, ஒரு நாளில் எத்தனை முறை சொன்னாலும் தேயாத அதே தொனியில், மனிதன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை குணரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது பவளராணி சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, நான் கோட்டுக்குப் போகப் போறன்.”

“எந்தக் கோட்டுக்கு?”

“ஃபோடேன்ரை வழக்குக்கு.”

கை நின்றது. “நீர் ஒண்டும் பாக்கேல்லை. முருங்கைக்காய் வாங்கினீர், லிப்டில ஏறினீர், வந்தீர்.”

“லிப்டில ஏறினதாலதான் பாத்தனான். அவன் கதவைப் பிடிச்சதாலதான் ஏறினனான்.”

“ஏப்ரலில எங்கடை பத்து வருச விசாக் காட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள். மார்ச்சில பொலிசுக்கு எதிரா நிண்டு கதைக்கப் போறீரோ? உமக்கு விசரே?”

“எதிரா ஒண்டும் கதைக்கேல்லை. அண்டைக்கு நான் சொன்னது ‘ஓம்’ எண்டு சொல்லப் போறன்.”

“என்ன ஓம்?”

அவள் சொன்னாள். குணரத்தினம் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“அப்ப நீர் சொல்லிப்போட்டீர் எல்லே! அவங்களுக்கு விளங்காட்டி அது உம்மடை பிழையே?”

“ரெண்டாந்தரமும் கேட்டவங்கள்.”

குணரத்தினம் மறுபடி சோற்றைப் பிசைந்தார். சோற்றை முடித்துவிட்டுக் கை கழுவப் போனவர், குழாயைத் திறந்தபடியே நின்று, “முழங்காலுக்குப் பூசுற தைலத்தை எடுத்துக்கொண்டு போம், கோட்டிலையும் படி இருக்கும்” என்றார்.

மார்ச் மாதம் பதினெட்டாம் தேதி நீதிமன்றத்தின் பார்வையாளர் வரிசையில் மிமோசாவின் தமிழர்கள் பதினொருவர் அமர்ந்திருந்தார்கள். பவளராணி சாட்சி சொல்வது அவர்களுக்கு உவப்பாக இருந்ததா என்றால் இல்லை. அவளைத் தனியே அனுப்புவது அதைவிட உவப்பில்லாமல் இருந்தது. ஃபோடே தாயின் பக்கத்தில், கழுத்துவரை பொத்தான் மாட்டிய சட்டையில் அமர்ந்திருந்தான். மொழிபெயர்ப்பாளராக வந்தவர் அமலதாஸ் என்பவர். காரைக்காலில் பிறந்தவர், நேர்மையானவர்.

“அம்மா, நீங்க எந்த ஊரு?”

“நெல்லியடி.”

“நான் காரைக்கால். நீங்க பேசுங்க, எனக்குப் புரியும்.”

பெரும்பாலும் புரிந்தது. நீதிபதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்த ஓர் அம்மையார், காவலர் கேட்டபோது என்ன விடை சொன்னீர்கள் என்று கேட்டார்.

“ஓம் எண்டு சொன்னனான்.”

அமலதாஸ் மொழிபெயர்க்க வாயெடுத்து நின்றார். அறிக்கையிலும் அதுதானே உள்ளது, மனிதன் என்று, என்றார் நீதிபதி.

“அது ஒம் இல்லை, அம்மா. ஓம். எங்கடை பாஷையில அப்பிடியெண்டால், தெரியும் எண்டு. அவர் கேட்டதுக்குச் சம்மதம் எண்டு.”

அமலதாஸ் தம் மனச்சாட்சியோடு சற்று நேரம் போராடினார். தாம் சத்தியம் செய்திருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்: தாம் பேசும் தமிழில் சம்மதத்தைக் குறிக்கும் சொல் ‘ஆமாம்’, ஓம் என்பது இந்துக்கள் வழிபாட்டில் உச்சரிக்கும் ஒலி. காவலர் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, ஆக, சாட்சி அப்போது பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார் என்று கொள்ளலாமா என்றார். சிலர் சிரித்தார்கள்.

“பிரார்த்தனையோ?” என்று பின்வரிசையிலிருந்து பேரின்பநாதரின் குரல் எழுந்தது. “முருங்கைக்காயோடை நிண்டு ஆரும் பிரார்த்தனை செய்வினமே?”

நீதிபதி மேசையைத் தட்டினார். அமலதாஸ் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, அவர்களிடம் தமிழில் சில கேள்விகள் கேட்க அனுமதி வேண்டும், கேள்வியை முதலில் மன்றத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டே கேட்பேன் என்றார். காவலர் தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். பகல் பன்னிரண்டு ஐம்பது. அனுமதித்தார்.

“உங்க எல்லாருக்கும் பசிக்குதா?”

“ஓம்” என்றன பதினொரு வாய்கள்.

எழுத்தர் தட்டச்சை நிறுத்தினார்.

“இந்த அம்மாவைத் தெரியுமா?”

“ஓம்.”

அமலதாஸ் மூன்றாவது கேள்வியை மன்றத்துக்குச் சொன்னார். பிறகு கையை நீட்டி ஃபோடேயைக் காட்டினார்.

“இந்தப் பையனைத் தெரியுமா?”

 பதினொருவரும் பவளராணியின் தாய் படித்த அதே பாடத்தைப் படித்தவர்கள். மன்றத்தின் வாசலில் சீருடையணிந்த இருவர் நின்றிருந்தார்கள். நான்கு தட்டு நேரம் கழிந்தது. பேரின்பநாதர் எழுந்து நின்று, தம் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, மின்தூக்கியில் ஐந்து மாதம் பழகிய வாயால், ஆனால் தபாலதிபராக இருந்த காலத்துக் குரலில், “ஓம்” என்றார். பிறகு மற்றப் பத்து வாய்களும் சொல்லின.

இலக்கணம் வகுத்தவர் கணக்கில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். எழுத்தர் அந்த ஒரு கண்ணிமைப்பின் வித்தியாசத்தை எப்படி எழுதுவது என்று நீதிபதியைக் கேட்டார். நீதிபதி பவளராணியிடம் திரும்பி, அவன் வலக்கை எங்கே இருந்தது என்றார்.

“லிப்ட் கதவில. நான் உள்ளுக்கு வரட்டும் எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டவன். அவங்கள் இழுக்கிற வரைக்கும் அந்தக் கை கதவிலதான் இருந்தது.”

“ஏன் இதை அன்றைக்கே சொல்லவில்லை?”

பவளராணி அமலதாஸைப் பார்க்கவில்லை. பிரெஞ்சிலேயே, வினைச்சொற்களை ஒழுங்காகத் திரிக்காமல், சொன்னாள்: “என் ஊரில் தெரியாது என்று சொன்னால் பிள்ளை பிழைக்கும். இங்கே வேறு. எனக்கு அது தெரிய ஆறு மாதம் ஆனது.”

இரண்டு வாரங்களுக்குப் பிறகு ஃபோடே குற்றமற்றவன் என்று தீர்ப்பு வந்தது. காவலர் நால்வர் மீதும் விசாரணை தொடங்கப்பட்டது. இன்றும் அது தொடங்கப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. ஏப்ரலில் பவளராணிக்கும் குணரத்தினத்துக்கும் பத்தாண்டுக்குப் பதிலாக ஓராண்டுக்கான வதிவிட அட்டை வழங்கப்பட்டது, காரணம் எழுதப்படவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. மின்தூக்கியின் தகடு நான்கு திருகாணிகளோடு அப்படியே இருக்கிறது, புதிதாக வருபவர்கள் அதைப் படித்துவிட்டு எதற்கு மறுமொழி என்று விழிப்பார்கள். பேரின்பநாதர் மட்டும் எவரும் கேட்காமலே நாளுக்கு நான்கு தரம் அதைச் சொல்லிக்கொண்டுதான் ஏழாம் மாடிக்குப் போகிறார், கேட்டால் இருமியதாகச் சொல்வார்.

ஆனால் அவை பின்னர் நடந்தவை. சாட்சி முடிந்த அந்தப் பிற்பகலில் எல்லாரும் ஒன்றாக ரயிலில் வந்து கட்டடத்தின் கீழ்த்தளத்தை அடைந்தபோது மின்தூக்கி கதவு திறந்து நின்றது. கும்பா ஏறினார். ஃபோடே படிகளின் பக்கம் திரும்பினான். தாய் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பவளராணி படியில் கால் வைத்துவிட்டிருந்தாள்.

“ஏறும், பிள்ளை” என்றார் பேரின்பநாதர். “நாங்கள் பிறகு வாறம்.”

அவள் ஏறினாள். அந்நியர்களைப் போல மூவரும் கதவைப் பார்த்து நின்றார்கள். தாளம் வரவில்லை. வரிகள் வரவில்லை. வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு மூடவும் இல்லை, குரல் எழவும் இல்லை. நான்கு தட்டு நேரம் போயிற்று, இன்னும் நான்கு போயிற்று. பிறகு ஃபோடே கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமி, பெரிய காய்ச்சலிலிருந்து எழுந்தவனைப் போன்ற மெல்லிய, கரகரத்த குரலில், தாளம் எதுவும் இல்லாமல், அவளைப் பார்த்துக் கேட்டான்.

“நான் யார்?”

கும்பா பவளராணியின் பக்கம் திரும்பினார்.

“ஓம்” என்றாள் பவளராணி. எந்த மொழியில் சொன்னாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. நெடிலாகச் சொன்னாள் என்பது உறுதி, கீழே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். கதவு மூடியது. ஒன்பதில் இருவர் இறங்கினார்கள். பதினொன்றுக்கு அவள் தனியே போனாள், முழங்கால்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு.